எண்ணெயும் இளநீரும் ஒரே நாளில்

வேலுசாமி ஆவடிக்கு வந்த முதல் வாரத்திலேயே வேறொருவர் வீட்டில் படுத்துத் தூங்கிவிட்டார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. டாங்க் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள் சுண்ணாம்பு, ஒரே பச்சைக் கதவு, கதவோரம் ஒரு முருங்கை. மத்தியானம் ரயில்வே கேட் வரை நடந்துவிட்டு வந்தவர், ஒரு வரிசை முன்னாலேயே திரும்பிவிட்டார். திறந்திருந்த கதவுக்குள் நுழைந்து, கூடத்தில் கிடந்த பாயில் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். கண் விழித்தபோது எதிரே கைலி கட்டிய ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எந்திரிச்சிட்டீங்களா? சக்கரை எவ்வளவு போட?"

அவர் சுலைமான். ஆம்பூர்க்காரர். வேலுசாமியின் மகன் உலகநாதனோடு ஃபாக்டரியில் ஒரே ஷாப்பில் லேத் ஓட்டுபவர். அந்த டீக்குப் பிறகு இரண்டு வீடும் ஒன்றாகப் பழகின. அன்றிலிருந்து உலகநாதன் மனைவி தாட்சாயிணி, மாமனார் வெளியே கிளம்பும்போதெல்லாம், "மாமா, நம்ம வீட்டு வாசல்ல நீலக் கோலப்பொடி இருக்கும், பாத்து வாங்க" என்று சொல்லி அனுப்புவாள்.

சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டு ஊர் வேலுசாமிக்கு. ஜின்னிங் மில்லில் பஞ்சுப் பொதி எடை போடுகிற வேலை பார்த்தவர். எண்பத்தொன்றில் மனைவி வடிவு இறந்ததும் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு மகனிடம் வந்துவிட்டார். பேத்திக்கும் வடிவு என்றுதான் பெயர். அதனால் அவளைத் திட்டமாட்டார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது என்பார்.

பால் ஊற்றுகிற கன்னியம்மாளோடுதான் அவருக்கு அதிகப் பேச்சு. அவள் பக்கத்துப் பருத்திப்பட்டுக்காரி. நிலத்தில் பாதி மனைகளாகப் போய்விட்ட பிறகும் இரண்டு எருமையை விடாமல் வைத்திருந்தாள். புருஷன் முனியன் கொத்தனாருக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தான்.

"ஏம்மா, உங்க ஊருக்குப் பருத்திப்பட்டுன்னு பேரு வச்சிருக்கீக. பேருக்குக்கூட ஒரு பருத்திச் செடி இல்லையே?"

"நான் பொறந்ததுலேர்ந்து பாத்துகினு கீறேன் நைனா, ஏரிதான் கீது. பருத்தி வோணும்னா ஒங்க ஊருக்கே போ."

"அங்கதான் ஏரி இல்ல."

"அப்ப ரெண்டு ஊரையும் ஒண்ணா சேத்து கட்டு. பால புடி, எனக்கு நேரமாவுது."

எண்பத்தைந்து ஐப்பசி மழையில் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் கோணலாகக் கூடியிருந்தது. பிறகு அவர் நடக்கவில்லை. கூடத்து ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். ஃபாக்டரிச் சங்கு ஊதியதும் தெரு முழுக்கச் சைக்கிளாக வந்து நிறைவதையும், கால் மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லாமல் வடிவதையும் அங்கிருந்து பார்ப்பார். காலையில் ஷிஃப்டுக்குப் போகுமுன் உலகநாதன் அவரைத் துடைத்துப் பவுடர் போட்டு வேட்டி மாற்றுவான். பகலில் எல்லாம் தாட்சாயிணி. அவளுக்கும் அவருக்கும் முதலில் இருந்த கூச்சம் ஒரு மாதத்தில் போய்விட்டது. முதுகில் புண் வராமலிருக்க அவள் இரண்டு மணிக்கொரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவரோ ஆஜானுபாகு. அவளோ போளூர்ப் பக்கத்து ஒல்லிக் கட்டை.

உலகநாதன் நாடகக்காரன். ஃபாக்டரி மனமகிழ் மன்றத்தில் வருஷாவருஷம் நாடகம் போடுவார்கள். அவனுக்குப் போலீஸ்காரன், தபால்காரன், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவன் என்று சின்ன வேஷம்தான் வரும். எண்பத்தாறில் மன்றத்து நாடகம் ஒன்றை டிவியில் செவ்வாய்க்கிழமை நாடகத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் 'அனுமதி'. பல மாதமாகப் படுக்கையில் வலியில் கிடக்கிற ஒரு தாய். அவளுக்கு ஊசி போட்டு விடுதலை கொடுங்கள் என்று டாக்டர் காலில் விழுகிற மூத்த மகன். முடியாது என்கிற டாக்டர். மூத்த மகனாக நடிக்க வேண்டியவருக்கு மஞ்சள் காமாலை வந்ததால் அந்த வேஷம் உலகநாதனுக்கு வந்தது. டாக்டர் வேஷம் சுலைமானுக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த வரிசையே உலகநாதன் வீட்டில் இருந்தது. பெரியவருக்குத் தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கன்னியம்மாள் வாசற்படியில் பால் தூக்கோடு உட்கார்ந்துவிட்டாள்.

"யெக்கா, ஒங்கூட்டுக்காரு எப்ப வருவாரு?"

"இரு, இப்பதான் பேரு போடறாங்க."

உலகநாதன் திரையில் வந்ததும் ஒரே கைதட்டல். பத்து நிமிஷத்தில் கைதட்டியவர்கள் அடங்கிவிட்டார்கள். திரையில் அவன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா படுற பாட்டை என்னால பார்க்க முடியலை டாக்டர். ஒரே ஒரு ஊசி. உங்களைக் கும்பிடறேன்" என்று அழுதான். கண்ணீர் தாடையில் வழிந்து நின்றது. டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார், கேமராவைப் பார்த்தார். அவ்வளவுதான், நாடகம் முடிந்தது.

"த்தோ பார்றா! பெத்தவள கொல்லச் சொல்றான்!" என்றாள் கன்னியம்மாள். "நாளைலேர்ந்து உனுக்குப் பால் கெடையாது, போ."

"நடிப்பும்மா அது" என்றான் உலகநாதன்.

"இன்னா நடிப்பு? வேற எதுனா நடிக்கக் கூடாதா?"

எல்லோரும் சுலைமானைப் பிடித்துக்கொண்டார்கள். ஊசி போட்டாரா, போடவில்லையா?

"எனக்கே தெரியாதுங்க. ஊசியைப் புடிச்சுக்கிட்டு கேமராவப் பாருன்னாங்க, பாத்தேன். அதோட கட் பண்ணிட்டாங்க."

"அந்த மாதிரி வலியில கெடக்கிறதுக்குப் போட்டாத்தான் என்ன?" என்றார் ஒருவர். "இன்னைக்கு வலின்னு போடுவான், நாளைக்கு செலவுன்னு போடுவான்" என்றார் இன்னொருவர். சத்தம் ஏறியது. தட்டில் முறுக்கு எடுத்துக்கொண்டு வந்த தாட்சாயிணி, நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்: "ஒரு மணி நேரம் ஓடுச்சு. படுத்திருக்கிற அந்தம்மாகிட்ட ஒருத்தராச்சும் 'உனக்கு என்னம்மா வேணும்'னு கேட்டாங்களா?"

எல்லோரும் முறுக்கை எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் உலகநாதன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எப்படிய்யா இருந்துச்சு?"

"நல்லா நடிச்சே. அழுதது நெசம் மாதிரியே இருந்துச்சு."

அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "நெசமாத்தான்ய்யா வந்துச்சு. கிளிசரின் வேணுமான்னு கேட்டாக, வேண்டாம்னுட்டேன். உங்களை நெனச்சுக்கிட்டேன், தன்னால வந்துருச்சு."

வேலுசாமி தலையை ஆட்டினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட வயசாளிகளை, இனி எழுந்திருக்கமாட்டார்கள் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், ஒருநாள் காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பச்சைத்தண்ணீரில் குளிப்பாட்டுவார்கள். பிறகு குடிக்க இளநீர் கொடுப்பார்கள். சாயங்காலம் குளிர் காணும். ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். யாரும் அதைக் கொலை என்று சொன்னதில்லை. "குளிப்பாட்டியாச்சு" என்பார்கள், கேட்டவர்களுக்குப் புரிந்துவிடும். வேலுசாமியின் தாயையும் அப்படித்தான் அனுப்பினார்கள். எண்ணெய் வைத்ததும் தண்ணீர் ஊற்றியதும் தெருப் பெண்கள். இளநீர் வாங்கி வந்தவர் வேலுசாமி. டம்ளரை நீட்டியபோது அந்த அம்மாள் கேட்டாள்: "நீயாப்பா போய் வாங்கிட்டு வந்தே?" அவர் ஆமாம் என்றார். வேறொன்றும் கேட்காமல் குடித்துவிட்டாள். உலகநாதன் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை. அவனிடம் யாரும் சொல்லவில்லை. பதினேழு வயதில் ஐ.டி.ஐ. படிக்க ஊரைவிட்டுப் போனவனுக்கு அது தெரிய வரவுமில்லை.

ஆனால் அவனுக்குத் தெரியாது என்பது வேலுசாமிக்குத் தெரியாது. நம் ஊரில் பிறந்தவனுக்கு இது தெரியாமல் இருக்குமா என்றே அவர் நினைத்திருந்தார்.

அந்த வாரமே இன்னொன்றும் காதில் விழுந்தது. சமையலறையில் தாட்சாயிணி சொன்னாள்: "முதுகு விட்டுப்போச்சுங்க. மாமாவைப் புரட்ட என்னால முடியலை. எத்தனை நாளைக்கு நான் ஒருத்தியே பாக்கறது?" அவள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே முடியவில்லை. உலகநாதன், "கொஞ்சம் பொறு. இந்த வாரத்துக்குள்ள ஒரு ஏற்பாடு பண்றேன்" என்றான். அவன் மனதில் இருந்த ஏற்பாடு முனியன். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து பெரியவரைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டிவிட, கொத்து வேலையில் மூட்டை தூக்கிப் பழகிய ஆள்.

ஏற்பாடு பேசும்போது கன்னியம்மாள்தான் மற்றதையும் சேர்த்தாள். பெரியவருக்கு நீர் போகும்போது எரிகிறது, தூக்கமில்லை, உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்று கேட்டதும், "படுத்த சூடு ஏறிகினு கீது. நல்லெண்ண காய்ச்சி எடுத்தாறேன், தலைல அரக்கித் தேச்சிக் குளிப்பாட்டுங்கோ. எங்கூட்டு மரத்துல எளநி கீது, முனியன ரெண்டு குலை எறக்கச் சொல்றேன். குடிச்சார்னா சூடெல்லாம் பறந்துரும்" என்றாள். பெரியவர் மேல் அவளுக்கு இருந்த பிரியத்தில் இளநீருக்கு விலை பேசவில்லை.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து மத்தியானமே வந்த உலகநாதன், கட்டிலருகே நின்று சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:

"அய்யா, நாளைக்குக் காலையில உங்களுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டப் போறோம். எளநிக்கும் சொல்லியாச்சு."

வேலுசாமி அவனையே பார்த்தார். அவன் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாட்சாயிணிக்குத் தெரியுமா?"

"அவ கேட்டுத்தானே இந்த ஏற்பாடே."

"வடிவுக்குப் பரிச்ச முடிஞ்சுருச்சா?"

"நேத்தோட முடிஞ்சுது."

"அப்பச் சரி," என்றார் வேலுசாமி. எல்லாம் யோசித்துத்தான் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார். பயல் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், எதையும் முன்பின் பார்த்துச் செய்வான்.

சற்று நேரம் கழித்து மகனைக் கூப்பிட்டார். "எனக்குச் சவரம் பண்ணிவிடு."

"நாளைக்குக் குளிச்சப்புறம் பண்ணிக்கலாமே?"

"இன்னைக்கே பண்ணிரு."

உலகநாதன் கிண்ணத்தில் வெந்நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கன்னத்துத் தோல் தொங்கிப்போயிருந்தது. ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக வழித்தான். வேலுசாமி கண்ணை மூடவில்லை. அவ்வளவு அருகில் மகன் முகத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மீசையில் நரை விழுந்திருந்தது.

"நீ ரொம்ப யோசிச்சுக்கிட்டு இருக்காதப்பா. ஒடம்பப் பாத்துக்கோ."

"பேசாதீங்க, வெட்டிரும்."

பிறகு அவர் சேவு கேட்டார். சாத்தூர்ச் சேவு. ஆவடியில் ஏது சாத்தூர்ச் சேவு? உலகநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மார்க்கெட் முழுக்கத் தேடினான். பூந்தமல்லியில் தெற்கத்திக்காரர் கடை ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, பஸ் ஏறி அங்கே போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். வேலுசாமி ஒவ்வொன்றாக எடுத்து மென்றார். பாதிப் பல் இல்லை.

"எப்படி இருக்கு?"

"காரம் பத்தல." ஆனாலும் கையை எடுக்கவில்லை.

தாட்சாயிணி சோற்றுக் கஞ்சியை வடித்துக்கொண்டே அங்கிருந்து குரல் கொடுத்தாள். "ஏற்கனவே நீர் எரியுதுன்னு உயிரை வாங்கறீங்க. இந்த நேரத்துல காரமா?"

"இனிமே என்ன தாயி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொட்டலத்தை மடித்து எடுத்தாள். அவர் அவள் கையைப் பார்த்தார். "ஒனக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன்."

"ஆமா, குடுத்தீங்க. இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் போனவள், மனசு கேட்காமல் திரும்பி வந்து, பொட்டலத்திலிருந்து இன்னும் ஒரு பிடி எடுத்து அவர் கையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாளும் முனியனும் வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். அவள் கையில் பித்தளைச் செம்பில் எண்ணெய். அவன் தோளில் இரண்டு குலை இளநீர்.

"இன்னா நைனா, மூஞ்சிலாம் வழிச்சிகினு மாப்ள கணக்கா கீற!"

வேலுசாமி சிரித்தார். வெளியாட்களை வைத்திருக்கிறான் என்று அவருக்குப் புரிந்தது. மகன் மேல் வருத்தம் வரவில்லை. தன் கையால் செய்ய அவனுக்கு எப்படி மனசு வரும்? எனக்கே வரவில்லையே.

"ஒனக்கு இதுல பழக்கம் உண்டாப்பா?" என்று முனியனைக் கேட்டார்.

"எங்கப்பன், மாமனாரு, ரெண்டு பேருக்கும் நாந்தான். நீ கம்முனு கெட நைனா, பூ மாரி தூக்கிகினு போறேன்."

அப்படியே தூக்கிக்கொண்டு போனான். குளியலறையில் பிளாஸ்டிக் ஒயர் நாற்காலி போட்டிருந்தது. கன்னியம்மாள் உச்சியில் எண்ணெயை வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். மிளகும் சீரகமும் காய்ந்த வாசனை. மாதக்கணக்கில் தலையில் ஒரு கை இப்படிப் பட்டதில்லை. அவருக்குக் கண் சொருகியது. இது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் அம்மாவைப் பற்றி இத்தனை வருஷம் நினைத்து நினைத்துக் கஷ்டப்பட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

முதல் செம்புத் தண்ணீர் மேலே விழுந்ததும் திடுக்கிட்டார்.

"வெந்நீரா?"

"பின்ன? பச்சத்தண்ணி ஊத்துனா ஜன்னி கண்டுக்காது?" என்றாள் கன்னியம்மாள்.

அவருக்குக் குழப்பமாக இருந்தது. இந்தப் பக்கத்து முறை வேறு போலிருக்கிறது என்று நினைத்தார். அதற்குள் உலகநாதன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். "தள்ளும்மா, முதுகு நான் தேய்க்கிறேன்." சீயக்காயை அள்ளி அப்பா முதுகில் தேய்த்தான். அவரால் அதுவரை அடக்க முடிந்தது. மகன் கை முதுகில் பட்டதும் அழுதுவிட்டார். தண்ணீர் வழிந்துகொண்டிருந்த முகத்தில் அது யாருக்கும் தெரியவில்லை.

திரும்பக் கட்டிலில் கொண்டுவந்து போட்டு, தலையை ஈரமில்லாமல் துவட்டி, சாம்பிராணி காட்டினார்கள். முனியன் வாசலில் உட்கார்ந்து ஒரு காயைச் சீவினான். உலகநாதன் அதை டம்ளரில் ஊற்றி எடுத்து வந்து நீட்டினான்.

"நீயாப்பா போய் வாங்கிட்டு வந்தே?" என்றார் வேலுசாமி.

"இல்லையே, முனியன் கொண்டாந்தாரு. ஏன்ய்யா?"

"சும்மாதான் கேட்டேன்." டம்ளரை வாங்கிக்கொண்டார். "வடிவைக் கூப்பிடு. இல்ல, வேண்டாம், அவ விளையாடட்டும். ஒலகு, ஒண்ணு சொல்றேன். நீ டிவில அழுத மாதிரி யாருகிட்டயும் போய்க் கையப் புடிச்சுக்கிட்டு அழ வேண்டாம். நீ செஞ்சதா நெனைக்காதே. நான் சம்மதிச்சுத்தான் குடிக்கிறேன்."

"எளநி குடிக்க என்னய்யா சம்மதம்?"

"எங்கிட்ட எதுக்குப்பா மறைப்பு? ஒங்க அப்பத்தாளுக்குக் குடுத்தோமே, அது மாதிரித்தானே?"

"அப்பத்தாளுக்கு என்ன குடுத்தீங்க?"

வேலுசாமி மகன் முகத்தைப் பார்த்தார். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். எண்ணெய், தண்ணீர், இளநீர், அந்தக் கேள்வி, எல்லாம்.

முதலில் பேசியது கன்னியம்மாள். "அட பாவி மனுசா! என் கையால ஒன்ன சாவடிக்கிறேன்னா குந்திகினு இருந்த? பச்ச புள்ள தூங்குற மாரி தலைய வுட்டுக்கினு இருந்தியே!" அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "எங்கூட்டு மரத்து எளநிய விஷம்னு நெனச்சிக்கிற, இல்ல?"

"ஒன்ன நெனைக்கலம்மா."

"யாரை நெனச்சா இன்னா!"

உலகநாதன் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கைலி ஈரம் மெத்தையில் இறங்கியது. நேற்று சவரம் செய்யச் சொன்னது, சேவு கேட்டது, பரீட்சை முடிந்ததா என்று கேட்டது ஒவ்வொன்றாக அவனுக்குப் புரிந்துகொண்டு வந்தது.

தாட்சாயிணி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வந்தாள். அவர் மடியிலிருந்த டம்ளரை எடுத்துப் பாதியைக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. மீதியைக் குடிங்க," என்று திரும்ப நீட்டினாள். "நான் முடியலைன்னு சொன்னது நிஜம்தான் மாமா. என் முதுகு, முடியலைன்னா முடியலைன்னுதான் சொல்லுவேன், நாளைக்கும் சொல்லுவேன். அதைக் கேட்டுட்டு நீங்களா ஒரு கணக்குப் போட்டுக்குவீங்களா?"

வேலுசாமி பாதி டம்ளரை வாங்கிக்கொண்டார். உடனே குடிக்கவில்லை.

உலகநாதன் கேட்டான்: "அய்யா, நாங்க கெடக்கோம், விடுங்க. உங்களுக்கு எப்படி இருக்கு? போயிரணும்னு இருக்கா?"

அந்த நாடகத்தில் யாரும் கேட்காத கேள்வி. வெளியே முனியன் அடுத்த காயைச் சீவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு உள்ளே நடந்தது எதுவும் தெரியாது.

"பொய் சொல்லமாட்டேன். வலி எடுக்கும்போது போயிரலாம்னுதான் இருக்கு. வலி விட்டதும், இன்னைக்குக் கன்னியம்மா பால் கொண்டாந்தாளா, சங்கு ஊதிருச்சான்னு இருக்கு. ஒரு நாளைக்கு நாலு தடவை மாறுது. நான் என்னத்தச் சொல்ல?" டம்ளரில் இருந்த பாதி இளநீரைப் பார்த்தார். "நீங்க கேக்காம முடிவு பண்ணிட்டீகன்னு நெனச்சப்ப, சரி, நம்ம ஆத்தாளுக்கு நடந்தது நமக்கும்னு இருந்தேன். பயமாத்தான் இருந்துச்சு. சொன்னா நீ சங்கடப்படுவேன்னு சொல்லல."

உலகநாதனுக்கு டிவியில் வந்த மாதிரிக் கண்ணீர் அழகாக வழியவில்லை. மூக்கு ஒழுகியது. துண்டை எடுத்துச் சிந்திக்கொண்டான்.

வேலுசாமி இளநீரைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

அன்று மத்தியானம் அவர் நன்றாகத் தூங்கினார். தாட்சாயிணி மட்டும் அடிக்கடி வந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

முனியன் ஞாயிறுதோறும் வந்தான். எண்ணெய்க் குளியலும் நடந்தது. ஆனால் அந்த வீட்டில் எண்ணெய் தேய்க்கிற நாளில் இளநீர் வராது. இளநீர் வருகிற நாளில் எண்ணெய்ச் செம்பு கன்னியம்மாள் வீட்டிலேயே இருக்கும். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. வலி தாங்காத நாட்களில் உலகநாதன் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப எப்படி இருக்குய்யா? போகணுமா, இருக்கணுமா?" என்று கேட்பான். "இப்பப் போகணும்டா. சாயங்காலம் கேளு" என்பார். சாயங்காலம் கேட்டால் சங்கு ஊதியாச்சா என்பார்.

பொங்கலுக்கு 'அனுமதி' நாடகத்தை மன்றத்து மேடையில் மறுபடி போட்டார்கள். உலகநாதன் அந்த வேஷம் வேண்டாம், சுலைமானே மகனாக நடிக்கட்டும் என்றான். கேள்விப்பட்ட வேலுசாமி கோபித்துக்கொண்டார்.

"நல்ல வேஷத்த எவனாச்சும் விடுவானா? நீயே நடி. ஆனா என்னைய நெனச்சுக்காதே. வேற யாரையாச்சும் நெனச்சு அழு."

"யாரை நெனைக்க?"

"ஒங்க ஃபோர்மேன நெனச்சுக்கோ."

மேடையில் அவனுக்கு அழுகையே வரவில்லை. வசனத்தைச் சொல்லிவிட்டு வந்தான். டிவியில் இன்னும் நன்றாக இருந்தது என்றார்கள்.

எண்பத்தெட்டு மாசியில் வேலுசாமிக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம், வயது அப்படி என்று சொல்லிவிட்டுப் போனார். கஞ்சி இறங்கவில்லை. பால் இறங்கவில்லை. ஒரு காலையில் கண்ணைத் திறந்து, இளநீர் வேண்டும் என்றார்.

உலகநாதன் தயங்கி நின்றான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேலுசாமி சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

"பயப்படாதே. எண்ணெய் தேய்க்கலையே."

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டு வரை போனான். முனியன் வேலைக்குப் போயிருந்தான். கன்னியம்மாள் துரட்டியால் ஒரு காயை அறுத்துக் கொடுத்தாள். தானும் வருகிறேன் என்று எருமையை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

தாட்சாயிணி அவரைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இப்போது அவரிடம் கனமே இல்லை. உலகநாதன் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோனான்.

"நீயாப்பா போய் வாங்கிட்டு வந்தே?"

"ஆமாய்யா. நானேதான் போனேன்."

வேலுசாமி வாயைத் திறந்தார். இரண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. போதும் என்று கையைக் காட்டினார். அவர் மறுநாள் சாயங்காலம்தான் போனார், சங்கு ஊதி, சைக்கிளெல்லாம் தெருவைக் கடந்த பிறகு.

இளநீர் கொடுத்த அந்தக் காலையில் டம்ளரில் மிச்சம் இருந்ததைக் கன்னியம்மாள் குடித்தாள். தாட்சாயிணி காயைப் பிளந்து, வழுக்கையை வழித்து, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வடிவிடம் கொடுத்தாள்.